போச்சுதோ அக்கா

ஓடும் பஸ்ஸில் ஓட்டுநரோடு கதைக்கக் கூடாது என்று எங்கள் பஸ்களில் எழுதி ஒட்டியிருக்கும். நான் பதினெட்டு வருடமாகப் பீலெஃபெல்டில் பஸ் ஓட்டுகிறேன். ஜேர்மன்காரர்கள் அந்த எழுத்துக்குப் பெரும்பாலும் அடங்கித்தான் நடக்கிறார்கள். எங்கள் ஆட்கள் அடங்குவது குறைவு. அக்கா அடங்கவே இல்லை. அதற்காக அவர் நீட்டி முழக்கிக் கதைத்தவரும் அல்ல. ஏறியதும் ஒரு கேள்வி கேட்பார், பதிலைக் கேட்பார், இரண்டாவது வரிசையில் போய் இருப்பார்.

"தம்பி, போச்சுதோ?"

அன்று காலை எனக்கு மலம் ஒழுங்காகப் போனதா என்பதுதான் கேள்வி. காலை ஐந்தரை மணி பஸ்ஸில், அரைத் தூக்கத்தில் நாலைந்து ஜேர்மன்காரர் இருக்க, சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்கும் குரலில் இதைக் கேட்பார். யாருக்கும் விளங்காது என்ற துணிச்சல் அல்ல. விளங்குகிறவர்கள் நிறைந்த கோயிலிலும் அதே குரலில்தான் கேட்பார். பீலெஃபெல்ட் தமிழருக்குள் அவருக்குப் போச்சுதோ அக்கா என்றே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது. அதை நான் எழுதப்போவதில்லை. யாராவது இதை அவருக்கு வாசித்துக் காட்டினால், "என்ர பேரைக் கொண்டுபோய்க் கக்கூசுக்குள்ள வைச்சிட்டியளோ?" என்று ரெலிபோன் எடுப்பார்.

பழைய நகரப் பக்கம் ஒரு சீனப் பெண் டொக்டர் வைத்தியசாலை நடத்தினார். ஊசி குத்துவது, நாடி பார்ப்பது, மூலிகை அவித்துக் குடிக்கக் கொடுப்பது என்று அவர்கள் நாட்டு வைத்தியம். அக்கா அந்த இடத்தைத் துப்புரவு செய்கிறவர். ஏழு மணிக்கு முன்னர் கூட்டித் துடைத்து முடித்துவிட்டு, டொக்டரோடு இருந்து ஒரு கோப்பை சுடுதண்ணீர் குடித்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார். இரண்டு பேரின் ஜேர்மனும் நொண்டி. ஜேர்மன்காரர் பக்கத்தில் நின்று கேட்டால் ஒரு சொல்லும் பிடிபடாது. ஆனால் உடம்பில் சூடு, உடம்பில் குளிர், இது சூட்டுச் சாப்பாடு, அது குளிர்ச் சாப்பாடு என்ற கதை வந்ததும் இரண்டு பேரும் ஒரே ஊரில் பிறந்தவர்களாகிவிடுவார்கள். ஜேர்மன் நோயாளிக்கு அரை மணித்தியாலம் விளக்க வேண்டியதை அக்காவுக்கு விளக்கவே தேவையில்லை என்று டொக்டர் சொல்வாராம். ஒரே ஒரு விசயத்தில் இருவரும் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தார்கள். வாழைப்பழம். எங்கள் ஆட்களுக்கு மலச்சிக்கல் என்றால் வாழைப்பழம்தான் முதல் மருந்து. டொக்டரோ அது குளிர், சூட்டு உடம்புக்காரருக்குச் சரி, குளிர் உடம்புக்காரருக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். அக்கா மூன்றாம் நாள் சமாதானமாகிப் போனார், ஆனால் வாழைப்பழத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

அங்கே காதில் விழுந்ததைத்தான் அக்கா எங்களிடம் கொண்டுவந்தார். எங்கள் ஆட்களை ஊர் கேட்டுப் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள், கோயில் கேட்டுப் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அக்கா நாலாகப் பிரித்தார். நாக்குச் சிவந்து, வாய் காய்ந்து, இறுகிப் போகிறவர்கள் சூட்டுக்காரர். கை கால் குளிர்ந்து, சுடுதண்ணீரைக் கண்டால் முகம் மலர்கிறவர்கள் குளிர்க்காரர். முக்கப் பலமில்லாமல் வியர்த்து வருகிறவர்கள் களைப்புக்காரர். கோபத்தையும் யோசனையையும் வயிற்றுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வயிறு ஊதி ஏவறை விட்டுக்கொண்டு இருக்கிறவர்கள் அடக்கிற கூட்டம்.

நான் அடக்கிற கூட்டம். இதைக் கண்டுபிடிக்க அக்காவுக்கு இரண்டு பஸ் தரிப்பு போதுமாக இருந்தது.

பஸ் ஓட்டுகிறவனின் உபத்திரவம் ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும். கடைசித் தரிப்பில்தான் கழிப்பறை. அங்கே நிற்பது ஆறு நிமிடம், பிந்தி வந்தால் அதுவும் இல்லை. ஆகவே தண்ணீர் குடிப்பதை விட்டுவிடுவோம். வயிறு கூப்பிட்டாலும் பேசாமல் இரு என்று அதட்டுவோம். கொஞ்சக் காலத்தில் அது கூப்பிடுவதையே நிறுத்திவிடும். முதல் நாள் அக்கா ஏறி என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, நாக்கை ஒருக்கா நீட்டுங்கோ."

"என்னத்துக்கு அக்கா?"

"நீட்டுங்கோ எண்டு சொன்னா நீட்டுங்கோவன். உங்கட நாக்கை நான் கொண்டு போகப்போறேல்லை."

சிவப்பு விளக்கில் நின்ற பஸ்ஸில், சீருடையோடு, நாக்கை நீட்டினேன். இரண்டாவது வரிசைக்குப் பின்னால் ஒரு ஜேர்மன் அம்மா தினமும் கிழட்டு நாய் ஒன்றோடு வருவார். நான் மனதுக்குள் நாய் அம்மா என்று பெயர் வைத்திருந்த அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாயும் பார்த்தது.

"எத்தனை நாள்?" என்றார் அக்கா.

நாலு நாள் என்று சொன்னேன். மனைவிக்கும் சொல்லாததை ஏன் அவருக்குச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. கேள்வியில் கேலியும் இல்லை, இரக்கமும் இல்லை. அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அடுத்த நாளிலிருந்து வைத்தியம் தொடங்கியது. எழும்பியதும் சுடுதண்ணீர் இரண்டு கோப்பை. இரவு ஊறவைத்த ஆளிவிதை, அதற்கு மேல் இன்னும் தண்ணீர், தண்ணீர் குடிக்காமல் அதைத் தின்றால் உள்ளே சீமெந்தாகிவிடும் என்ற எச்சரிக்கையோடு. உலர்ந்த பிளம்ஸ் பழம் நாலு. ஜேர்மன்காரரின் புளிக்கவைத்த முட்டைக்கோவாச் சாறையும் குடித்துப் பார்க்கச் சொன்னார். குடித்துப் பார்த்தேன். அதைப் பற்றி மேலே எழுத விருப்பமில்லை. காலை உயர்த்தி வைக்க ஒரு பிளாஸ்ரிக் முக்காலியும் அவர்தான் வாங்கித் தந்தார். குந்தியிருந்து பழகிய சனம் கதிரையில் இருப்பது போல இருந்தால் வயிறு குழம்பாமல் என்ன செய்யும் என்பது அவர் நியாயம். பிறகு தொப்புளுக்கு இரண்டு பக்கமும் மூன்று விரல் தள்ளி அழுத்துவது. மணிக்கூட்டு முள் சுற்றுகிற பக்கமாக வயிற்றை மெதுவாகத் தடவுவது.

"மாறித் தடவிப் போடாதேங்கோ. வாற சாமான் திரும்பிப் போயிடும்."

சிவப்பு விளக்குகளில் நான் வயிற்றைத் தடவத் தொடங்கினேன். சாப்பாடு சரியில்லையா என்று ஒரு பயணி கேட்டார். நான் அசடாகச் சிரித்துவைத்தேன்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. சீனக் கணக்கில் ஒவ்வொரு உறுப்புக்கும் நாளில் ஒரு நேரம் உண்டாம். பெருங்குடலுக்குரியது காலை ஐந்திலிருந்து ஏழு. அந்த இரண்டு மணித்தியாலமும் என் பெருங்குடல் பிராக்வேடெ பக்கம் பஸ்ஸில் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா அதையும் யோசித்து வைத்திருந்தார். நாலு மணிக்கு எழும்பி, சுடுதண்ணீர் குடித்து, வந்தாலும் வராவிட்டாலும் பத்து நிமிடம் போய் இருக்க வேண்டும்.

"வயிறும் அதிகாரி மாதிரித்தான். ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்குப் போய் வாசல்ல இருந்தாத்தான் ஒரு நாளைக்கு உள்ள கூப்பிடும்."

பதினோராவது நாள் உள்ளே கூப்பிட்டது. அன்று அக்கா ஏறும்போதே ஓம் என்று தலையாட்டினேன். அவர் கண்ணை மூடி, "சந்தோசம்" என்றார். ஏதோ என் பிள்ளைக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது மாதிரி இருந்தது எனக்கும்.

கோயில் தேருக்கு அன்னதானம் பரிமாறும்போதும் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டுத்தான் போடுவார். இல்லை என்றவர்களுக்குக் கீரை கூட, சோறு குறைவு. கோயில் நிர்வாகத்தில் பெரிய பொறுப்பில் இருந்த ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. சாமி இருக்கும் இடத்தில் என்ன கதை இது என்று எல்லோருக்கும் முன்னால் ஏசினார். அக்கா அவருக்குக் கீரையைக் கூடப் போட்டார். இரண்டு கிழமைக்குப் பிறகு, செருப்புக் கழற்றி வைக்கும் இடத்தில் அந்த மனிதர் அக்காவை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, அங்குமிங்கும் பார்த்துக் குனிந்து காதுக்குள் ஏதோ சொன்னார்.

"ஆறு நாளோ?" என்று அக்கா வழக்கமான குரலில் கேட்டார்.

ஆனால் ஒன்று. அக்கா ஒருவருக்கும் மருந்து கொடுத்ததில்லை. சீன டொக்டரிடம் ஒரு வேர் இருந்தது, ருபார்பர் என்று இங்கே கேக்குக்குப் போடுகிறார்களே, அந்தச் செடியின் சாதியில் ஒரு வேர். வயிற்றை உருட்டிப் புரட்டி வெளியே தள்ளிவிடுமாம். அதில் கொஞ்சம் எடுத்துத் தாருங்கள் என்று எத்தனை பேர் கெஞ்சினார்கள். கொடுக்கவில்லை. ஒருத்தர் பொறுமையிழந்து பேக்கரியில் ருபார்பர் கேக்கை வாங்கி வாங்கித் தின்று இரண்டு கிலோ ஏறியதுதான் மிச்சம். "மருந்து டொக்டரின்ர. கேள்வி மட்டும்தான் என்ர" என்பார். அவரிடம் ஒரு சட்டமும் இருந்தது. இரத்தம் கண்டால், சத்தி வாந்தி எடுத்தால், காய்ச்சல் வந்தால், வயிறு மேளம் மாதிரி இறுகினால், அல்லது ஒரு கிழமை, ஏழு நாள், தாண்டினால் சுடுதண்ணியும் இல்லை, தடவலும் இல்லை. அன்றைக்கே டொக்டர்.

இனி நான் செய்த கோளாறைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆட்களில் ஜேர்மன் நொண்டுகிறவர்கள் டொக்டரிடம் போகும்போது, மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவது வழக்கம். பெரும்பாலும் பிள்ளைகளை. நான் இந்த நாட்டுக்கு வந்த இரண்டாம் வருடம், பதினாலு வயதில், அம்மாவின் கர்ப்பப்பையை மொழிபெயர்த்தவன். அந்த வயதில் டொக்டர் கேட்பதை அம்மாவிடம் எப்படிக் கேட்பது? ஆகவே நாங்கள் எல்லோரும் ஒரு கெட்டித்தனம் பழகினோம். கூச்சமான கேள்வி வந்தால் விழுங்கிவிட்டு, பதிலை நாங்களே சொல்லிவிடுவது. அம்மாமாரும் எங்களை ஒன்றும் கேட்பதில்லை. மரியாதை என்று நினைத்தோம்.

ஒரு பனிக்காலம் அக்காவுக்குக் களைப்பு. படி ஏற மூச்சு வாங்குகிறது என்றார். அவருடைய மகள் டுசல்டோர்ஃபில் இருந்ததால் ஜேர்மன் டொக்டரிடம் நான் கூடப் போனேன். டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்து இரும்புச் சத்துக் குறைவு என்றார். குளிசை எழுதிக்கொண்டே, இது சிலருக்கு மலத்தை இறுக்கும், இவருக்கு ஒழுங்காகப் போகிறதா என்று ஜேர்மனில் கேட்டார்.

அக்கா பக்கத்தில்தான் இருந்தார். என்னை அந்தக் கேள்வி ஆயிரம் தடவை கேட்டிருப்பார். அதைத் திருப்பிக் கேட்க எனக்கு நாக்கு எழும்பவில்லை. அக்கா முறையானவர், பொம்பிளை, டொக்டருக்கு முன்னால். அதோடு, ஊருக்கே வயிறு பார்க்கிறவருக்குப் போகாமல் இருக்குமா? "ஓம், ஒவ்வொரு நாளும், ஒரு பிரச்சினையும் இல்லை" என்று ஜேர்மனில் நானே சொல்லிவிட்டேன். அக்கா சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பனி கரைந்தது, மரங்கள் பூத்தன, யூன் மாதம் வந்தது. நாய் அம்மாவே கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அக்கா மட்டும் பனிக்காலத்துச் சிவப்புக் கம்பளித் தொப்பியைக் கழற்றவில்லை. கையுறையும் போட்டிருந்தார். ஒரு திங்கட்கிழமை ஏறினார், ஒன்றும் கேட்காமல் போய் இருந்தார். மறந்துவிட்டார் என்று நினைத்தேன். செவ்வாயும் கேட்கவில்லை. புதன் காலை அவர் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அவர் எப்போதும் கொண்டுவரும் சுடுதண்ணிப் போத்தல் திறக்காமல் மடியில் இருந்தது. நான் டொக்டரிடம் சொன்ன அந்த ஓம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சிவப்பு விளக்கில் பஸ்ஸை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன்.

"அக்கா, உங்களுக்குப் போச்சுதோ?"

நாய் அம்மா நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடமாக ஒரே பக்கமிருந்து வந்த சத்தம் அன்று மறுபக்கமிருந்து வந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். அக்கா கண்ணைத் திறந்தார். எழும்பி முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இல்லைத் தம்பி."

"எத்தனை நாள்?"

"இண்டையோட ஒம்பது."

"ஒம்பதோ? அக்கா, அண்டைக்கு டொக்டர் உங்களைத்தான் கேட்டவர். நான் கேக்காமலே ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"தெரியும். சீன டொக்டரிட்ட வேலை செய்யிறவளுக்கு அந்தச் சொல்லு தெரியாதோ? கேட்டது விளங்கினது. நீங்கள் ஓம் எண்டு சொன்னோடன எனக்கும் ஆறுதலாப் போச்சு."

"ஏனக்கா?"

"ஊரெல்லாம் கேட்டுத் திரியிறவளுக்கே போகேல்லை எண்டு எந்த வாயால சொல்லுறது? சீன டொக்டருக்கும் காட்டேல்லை. ஆறு மாசமா வாயை மூடிக்கொண்டுதான் அந்த இடத்தைத் துடைக்கிறன்."

பச்சை விழுந்து பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. பஸ்ஸை எடுத்துக்கொண்டே, இன்றைக்குப் பின்னேரம் டொக்டரிடம் போகிறோம் என்றேன்.

"வேண்டாம் தம்பி. எனக்குக் குளிர் உடம்பு. இஞ்சி அவிச்சுக் குடிக்கிறன். சரிவரும்."

"ஒரு கிழமை தாண்டினால் உங்கட சட்டப்படி என்ன?"

அவர் தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டார்.

"மருந்து டொக்டரின்ர. கேள்வி இப்ப என்ர" என்றேன்.

அன்று பின்னேரம் டொக்டருக்கு முன்னால் இருந்தோம். முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். போன தடவை நீங்கள் கேட்டதை நான் இவரிடம் கேட்கவே இல்லை, அந்தப் பதில் என்னுடையது என்றேன். டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏசவில்லை. திரும்பவும் தொடக்கத்திலிருந்து கேட்டார். நான் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. எத்தனை நாளுக்கு ஒரு தடவை, என்ன நிறம், எவ்வளவு இறுக்கம், இரத்தம் உண்டா, முக்கும்போது வலிக்குதா. என் முதுகால் வியர்வை ஓடியது. அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நடுவில் ஒரு தடவை மட்டும் என் பக்கம் திரும்பி, "நல்லாக் கேக்கிறியள்" என்றார்.

களைப்பு, மலச்சிக்கல், உடம்பில் எப்போதும் குளிர். மூன்றையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் முதலே இதைத்தான் பார்த்திருப்பேன் என்றார் டொக்டர். அன்றைக்கு வயிற்றைத் தளர்த்த மருந்து கொடுத்தார், இரும்புக் குளிசையை மாற்றினார், திரும்ப இரத்தம் எடுத்தார். கழுத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பி வேலை செய்யாமல் சோம்பிக் கிடந்தது தெரியவந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்னக் குளிசை, அவ்வளவுதான்.

சீன டொக்டருக்கு இதைச் சொன்னபோது அவர் தன் நொண்டி ஜேர்மனில் அக்காவைக் கிழித்துவிட்டாராம். வரவேற்பறையில் நோயாளிகள் இருக்கத்தக்கதாக நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறார். குளிர் என்று நீ கண்டுபிடித்தது சரி, அந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது என்று இரத்தம்தான் சொல்லும், நானே உன்னை அனுப்பியிருப்பேன், ஏன் மறைத்தாய் என்று கேட்டாராம். அக்கா இதை எனக்குச் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து எத்தனை மாதம் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கியது. ஓட்டுநர் கண் கலங்கக் கூடாது என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை.

இரண்டு மாதத்துக்குள் தொப்பி கழன்றது. ஒரு காலை ஏறும்போதே, நான் வாயைத் திறக்க முன்னரே, "போச்சு!" என்றார். நாய் திடுக்கிட்டுக் குரைத்தது. அதற்குப் பிறகு எங்கள் காலை இரண்டு கேள்வியாகிவிட்டது. அவர் என்னைக் கேட்பார், நான் அவரைக் கேட்பேன், இரண்டு ஓமும் சேர்ந்த பிறகுதான் போய் இருப்பார்.

மகளுக்குக் குழந்தை பிறந்ததும் அக்கா டுசல்டோர்ஃபுக்குப் போய்விட்டார். அங்கேயும் கோயில் இருக்கிறது, அன்னதானம் இருக்கிறது, அவர்கள் பாடு. இங்கே ஐந்தரை மணி பஸ் பேசாமல் ஓடியது. யாராவது ஏறும்போது நானே நிமிர்ந்து பார்ப்பேன், வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்படி ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் சிவப்பு விளக்கில் நிற்கும்போது நாய் அம்மா எழும்பி முன்னால் வந்தார். அத்தனை வருடத்தில் அவர் என்னோடு கதைத்ததில்லை. அந்த எழுத்துக்கு அடங்கி நடந்தவர்.

"அந்தச் சிவப்புத் தொப்பிப் பெண் ஒவ்வொரு நாளும் உங்களிடம் ஏதோ ஒன்று கேட்பாரே" என்றார் ஜேர்மனில். "அழகாக இருக்கும். அது என்ன, பிரார்த்தனையா?"

பழைய கெட்டித்தனம் வாய்வரைக்கும் வந்தது. சுகமா என்று கேட்பார் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதை விழுங்கினேன். சொல்லுக்குச் சொல், ஒன்றும் குறையாமல், சரியான ஜேர்மனில் மொழிபெயர்த்தேன்.

நாய் அம்மா சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு இல்லை" என்றார்.

"எத்தனை நாள்?" என்று கேட்டேன்.